எத்தனை பெட்டி மீன்?

ஏப்ரல் 6, சனி

குரல் சுத்தமாகப் போய்விட்டது. காலிறுதியில் எங்கள் ஃபரோல் அணி ஜெயித்தது. அரையிறுதியில் சிமென்ட் கம்பெனி அணியோடு மோதப் போகிறோம். சந்தோஷமாகத் தூங்க வேண்டிய நாள், ஆனால் வயிறு எரிகிறது.

எங்கள் கிழக்குப் பக்கத்தில் முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி 'விருந்தினர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். விருந்தினர் எப்போது வந்தார்கள்? ஆட்டம் பாதி முடிந்தபிறகு. வந்து என்ன செய்தார்கள்? போனைப் பார்த்தார்கள். கடைசி நிமிஷத்தில் குஸ்தோதியோ தூரத்திலிருந்து மூன்று புள்ளி போட்டு அரங்கமே எழுந்து குதித்தபோது, அதில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா கத்துறீங்களா?" என்றாள். கூடைப்பந்து பார்க்க வந்தவள்! இதில் மேலே தொங்குகிற பெரிய திரையில் 'சத்தம் போடுங்கள்' என்று எழுத்து வேறு ஓடுகிறது. நாங்கள் சத்தம் போட ஒரு திரை வந்து சொல்லித்தர வேண்டுமா? யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொல்லுங்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

நடுவர்களும் அப்படித்தான். முதல் பாதியில் மூன்று தரம் கேட்க வேண்டியதாயிற்று. தப்பாக ஊதினால் நான் கைமைக்கை எடுத்து, "நடுவரே! உங்கம்மாவுக்கு எத்தன பெட்டி மீனு?" என்று கேட்பேன். தெயோ அண்ணனின் பெரிய முரசு பதில் சொல்லும். சின்னத் தப்புக்கு ஓர் அடி, பெரிய தப்புக்கு மூன்று, நான்கு. கிழக்குப் பக்கம் முழுக்க அத்தனை விரல்களைத் தூக்கிக் காட்டும். எத்தனை பெட்டி மீன் லஞ்சமாக வீட்டுக்குப் போனது என்று அர்த்தம். இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தது நான். இப்போது லுவாண்டாவில் எல்லா அணி ரசிகர்களும் கூச்சமில்லாமல் திருடிக் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 8, திங்கள்

குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்ட்டருக்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடையாதா? தண்ணீர் வராமல் பில் மட்டும் வந்த ஒருவர் இன்று கண்ணாடியைத் தட்டி என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். "குழாய்க்கும் எங்கம்மாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டேன். மேலதிகாரி என்னைத்தான் கூப்பிட்டுக் கண்டித்தார். என்ன நியாயம் இது?

ஏப்ரல் 9, செவ்வாய்

தம்பி வால்தெமார் சாயங்காலம் ஓடி வந்தான். சனிக்கிழமை, மூன்று ஆட்ட அரையிறுதியின் முதல் ஆட்டத்துக்கு அவன் நடுவராம். பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, இத்தனை வருஷமாகச் சின்னப் பையன்கள் ஆட்டத்துக்கும் பெண்கள் ஆட்டத்துக்கும் வெயிலில் விசில் ஊதிக்கொண்டிருந்தவன். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன். படாமல் என்ன?

ஆனால் ஒன்று. கிழக்குப் பக்கத்தில் யாருக்கும் இவன் என் தம்பி என்று தெரியாது. நான் சொன்னதில்லை. குடும்பத்தில் குடிகாரன் இருந்தால் சொல்லலாம். நடுவர் இருக்கிறான் என்று யாராவது வெளியே சொல்வார்களா?

அம்மா அடுப்படிக்குப் போனதும் மெதுவாகக் கேட்டான். "அக்கா, சனிக்கிழம மட்டும் அந்தக் கேள்வி வேண்டாமே."

"நீ சரியா ஊது. நாங்க ஏன் கேக்கப் போறோம்?"

"நான் எப்படி ஊதினாலும் கேப்பீங்க. அக்கா, நம்ம அம்மா நிஜமாவே மீன் வித்தவங்க."

எனக்குத் தெரியாதா? தீவுக் கடற்கரையில் விடியுமுன் படகு வரும் இடத்தில் நின்று, தலையில் அலுமினியத் தட்டு வைத்து, நகரம் முழுக்க நடந்து விற்றுத்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். அந்தக் கேள்வியை உண்டாக்கும்போது நான் அம்மாவை நினைத்தா உண்டாக்கினேன்? வாய்க்கு வந்தது, கேட்டேன், ஊருக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கு நான் என்ன செய்ய?

ஏப்ரல் 13, சனி

எழுதாவிட்டால் தூங்க முடியாது.

ஆட்டம் முடியப் போகிறது. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். பந்து குஸ்தோதியோ கையில். அரங்கம் முழுக்க எழுந்து நிற்கிறது, முரசுச் சத்தத்தில் தரை அதிருகிறது, பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் கசங்கிக் கடலை எல்லாம் என் மேல். குஸ்தோதியோ வலப்பக்கம் ஏய்த்து இடப்பக்கம் புகுந்தான். சிமென்ட்காரர்களின் அந்த நெட்டைக்காரன் வழியில் வந்து நின்றான். தொட்டானோ இல்லையோ, மரம் சாய்கிற மாதிரி மல்லாந்து விழுந்தான். பந்து வளையத்துக்குள் போனது. போனது! நான் பார்த்தேன்!

விசில்.

என் தம்பி ஓடி வந்து, மூடிய முஷ்டியால் மறு உள்ளங்கையில் குத்திக் காட்டினான். பந்தோடு போய் மோதினவன்மேல், குஸ்தோதியோமேலேயே ஃபவுல். புள்ளி கிடையாது. தோற்றோம்.

நெட்டைக்காரன் நடித்தான். அது ஃபவுலே இல்லை. சாமி சத்தியமா இல்ல.

கிழக்குப் பக்கம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கைமைக் என் வாயருகேதான் இருந்தது. கேட்காமல் இறக்கிவிட்டேன். தெயோ அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெறும் தொண்டையிலேயே கேட்டார்: "நடுவரே! உங்கம்மாவுக்கு எத்தன பெட்டி மீனு?" கேட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. ஜனங்களுக்கு விரல் போதவில்லை, செருப்பைக் கழற்றித் தூக்கிக் காட்டினார்கள். வால்தெமார் நடுவில் நின்று எங்கள் பக்கம் பார்த்தான். எங்கள் பக்கம் என்ன, என்னைத்தான் பார்த்தான்.

நான் பாய்ந்து தெயோ அண்ணனின் முரசுக்கோலைப் பிடித்து இழுத்தேன்.

"அவன் தப்பா ஊதினான் அண்ணே. வெலைக்கு ஊதல!"

"ரெண்டும் ஒண்ணுதான் தங்கச்சி. விடு கோல."

"ஒண்ணு இல்ல! எங்கம்மாவப் பத்தி இன்னொரு அடி அடிச்சா முரசு கிழியும், சொல்லிட்டேன்."

"உங்கம்மாவ யாரு இழுத்தா? நான் நடுவரோட அம்மாவத்தான கேட்டேன்."

"ரெண்டும் ஒரே அம்மாதான்!"

சொல்லிவிட்டேன். தெயோ அண்ணன் லாரி டயர் கழற்றுகிற அந்தப் பெரிய கையை நீட்டி, கைமைக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "வீட்டுக்குள்ளயே நடுவர வச்சுக்கிட்டு இத்தன வருஷம் எங்க நடுவுல உக்காந்திருந்தியா?" என்றார். திருடியைப் பிடித்த மாதிரி!

ஏப்ரல் 14, ஞாயிறு

வால்தெமார் சாப்பிட வரவில்லை. எந்த ஞாயிறும் தவறாதவன். அம்மா அவன் தட்டை எடுத்து வைத்து, ஃபுஞ்ஜிக் களியும் பனையெண்ணெய்க் குழம்பும் ஆறிப்போகும்வரை காத்திருந்தாள்.

எல்லாவற்றையும் ரேடியோவில் கேட்டிருக்கிறாள். "அவ்வளவு பெட்டி எனக்கு நெசமாவே வந்திருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்" என்று சிரித்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் அவனுக்குப் போன் செய்தேன். சமாதானமாகப் பேசத்தான் செய்தேன். குரலைக் கேட்டதும் என்னை அறியாமல், "அது ஃபவுலே இல்லடா!" என்று கத்திவிட்டேன்.

"இதச் சொல்லத்தான் கூப்டியா?" என்று வைத்துவிட்டான்.

ஏப்ரல் 17, புதன்

கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். ஃபரோல் நிர்வாகம் நடுவர் குழுவிடம் புகார் செய்திருக்கிறது: வால்தெமார் விலைபோய்விட்டானாம். சிமென்ட் கம்பெனி அணியும் புகார் செய்திருக்கிறது: அவன் அக்கா எதிரணி ரசிகர்களின் தலைவியாம், அவன் பாரபட்சம் காட்டுவானாம். ஜெயித்தவர்கள்! அவன் விசிலால் ஜெயித்தவர்கள்!

வேலை முடிந்து நேரே தெயோ அண்ணனின் டயர் பட்டறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் அவர் காலைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று.

"அண்ணே, அவனுக்கு ஒரு சைக்கிள்கூடக் கெடையாது. நீல வேன்ல தொங்கிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போறான். வாங்கினவன் இப்படியா இருப்பான்?"

"அப்ப அந்த ஃபவுல் சரின்னு சொல்றியா?" என்றது லாரிக்கு அடியிலிருந்து குரல்.

"சரின்னு எங்க சொன்னேன்? கண்ணு தெரியாம ஊதினான்."

"ஏதாவது ஒண்ணு சொல்லு தங்கச்சி."

ஏன் ஒன்றுதான் சொல்ல வேண்டும்? ஒரு மனுஷன் தப்பாக ஊதவும் செய்யலாம், யோக்கியனாகவும் இருக்கலாம். இந்தச் சின்ன விஷயம் இந்த நகரத்தில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

ஏப்ரல் 20, சனி

இரண்டாவது ஆட்டம் சிமென்ட்காரர்கள் அரங்கில். நடுவர்கள் வேறு ஆட்கள். நான் போகவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து ரேடியோவில் கேட்டேன். ஜெயித்தோம். எனக்குக் குதிக்க வரவில்லை.

நடுவில் ஒரு தரம் தெயோ அண்ணனின் குரல் ரேடியோவில் தெளிவாகக் கேட்டது. கைமைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, வாய்க்கு மிக அருகில் வைத்து எல்லாம் கரகரவென்று. கேள்வி கேட்டபோது அம்மாவின் உதடும் கூடவே அசைந்தது.

"இத யாரு உண்டாக்குனாங்க?" என்றாள்.

"யாரோ."

"யாரோவா? நீ தூக்கத்துலகூட அததான்டி கேக்குற."

ஏப்ரல் 24, புதன்

மதியம் கவுண்ட்டரில் எண் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தது வால்தெமார். சீட்டு எடுத்து, மற்றவர்களோடு வரிசையில் காத்திருந்து வந்திருக்கிறான்.

"ஒரு புகார்" என்றான்.

"வீட்டுக்கு வந்து சொல்லக்கூடாதா?"

"சனிக்கிழம மூணாவது ஆட்டத்துக்கும் நான்தான். ரெண்டு பக்கமும் ஒரே ஆளத் திட்டினா அவன் சரியான ஆளாத்தான் இருக்கணும்னு குழுவுல சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட அன்னைக்கு ரேடியோ போட வேண்டாம்னு சொல்லு."

"அது ஃபவுல் இல்ல வால்தெமார்."

"அவன் ரெண்டு காலும் தரையில ஊணி நின்னான் அக்கா. குஸ்தோதியோ நெஞ்சுல போய் மோதினான். நான் கையெட்டுற தூரத்துல நின்னேன். நீ எங்க இருந்த? முரசுக்குப் பக்கத்துல, மேல."

பின்னால் நின்ற பெண்மணி, "குடும்பக் கதைய அப்புறம் பேசுங்கம்மா, எங்க வீட்ல பத்து நாளாத் தண்ணி இல்ல" என்றாள். அவன் எழுந்தான். எழுந்துகொண்டே, அதுதான் கடைசி ஆட்டம் என்றான். அதற்குப்பிறகு விசில் வேண்டாமாம். வகுப்பில் வரைபடத்தைத் திறக்கச் சொன்னால், பின் பெஞ்சிலிருந்து, 'சார், எத்தன பெட்டி?' என்கிறார்களாம்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எவன் கேட்டான்? பேரச் சொல்லு. நான் வந்து அவன் காதத் திருகுறேன்."

"யாரு காத? நீ ஆரம்பிச்சதுதானே அக்கா."

அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 25, வியாழன்

அவன் விசிலை விடப் போகிறான் என்று அம்மாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு ஒரு டிக்கெட் எடு" என்றாள்.

"நீயா? அங்கயா? அவ்வளவு சத்தத்துலயா?"

"என்னப் பத்தித்தான கேக்குறாங்க? நான் போகாம வேற யாரு போறது?"

ஏப்ரல் 26, வெள்ளி

மாதா கோயில் பூசைக்குக் கட்டும் நீலத் துணியையும் தலைத்துணியையும் இஸ்திரி போடச் சொன்னாள். போட்டேன். கையைச் சுட்டுக்கொண்டேன். எல்லாம் அந்த நெட்டைக்காரனால்.

ஏப்ரல் 27, சனி

தோற்றுவிட்டோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆறு புள்ளி வித்தியாசம். அதில் என் தம்பிக்குப் பங்கில்லை. யாரும் தடுக்காமல் சும்மா நின்று போடுகிற ஃப்ரீ த்ரோவை எங்கள் ஆட்கள் வளையத்தின் விளிம்பிலேயே அடித்துக்கொண்டிருந்தால் எவன் வந்து காப்பாற்றுவான்? சம்பளம் வாங்குகிறார்கள்!

இப்போது மற்றது.

அம்மாவின் கையைப் பிடித்துப் படியேற்றிக் கொண்டுபோனேன். எங்கள் வரிசையில் இடம் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று பயந்துகொண்டே போனேன். தெயோ அண்ணன் அம்மாவைப் பார்த்ததும் முரசுக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அவ்வளவு பெரிய மனுஷன்!

"முரசு அடிக்கிறது நீதானாப்பா?" என்றாள் அம்மா. "ரேடியோவுல நல்லாக் கேக்குது."

"அம்மா, நாங்க அது… சும்மா விளையாட்டுக்கு…" என்று ஏதோ உளறிவிட்டுத் தன் வேர்க்கடலைப் பொட்டலத்தை அம்மா மடியில் வைத்தார். பிறகு வரிசை வரிசையாகப் போய்க் காதோடு காதாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி. குஸ்தோதியோ எகிறி எதிராளியின் பந்தை அழகாகத் தட்டிவிட்டான். விசில். வால்தெமார். கையில் அடித்தானாம், இரண்டு ஃப்ரீ த்ரோவாம். அநியாயம்! நான் எழுந்துவிட்டேன், கிழக்குப் பக்கமே எழுந்துவிட்டது. எழுந்து, சும்மா நின்றது. யாரும் கேட்கவில்லை. தெயோ அண்ணன் கோலை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அரங்கக்காரர்களுக்கு அந்த அமைதிகூடப் பொறுக்கவில்லை, உடனே ஒலிபெருக்கியில் பதிவு செய்த கைதட்டலைப் போட்டார்கள். பொய்க் கைதட்டல்! அதையும் யாரோ ஏதோ நினைத்து நிறுத்தினார்கள்.

வால்தெமார் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்து நின்றான். கேள்வி வரும் என்று காத்து நின்றான். வராதது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டு விழுமுன் ஒரு முகம் எப்படி இறுகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் கவுண்ட்டருக்குள் நான் அதோடுதான் உட்காருகிறேன். என் தம்பி முகத்தில் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க?" என்றாள் அம்மா.

"நீ இருக்கேல்லம்மா."

"நான் இருக்கும்போதுதானடி கேக்கணும். பதில் எங்கிட்டதான இருக்கு?"

என் தோளை ஊன்றி எழுந்தாள். நகரமெல்லாம் நடந்து மூன்றாம் மாடிவரை கேட்கக் கூவி விற்ற தொண்டை. அவளுக்குக் கைமைக் எதற்கு?

"வால்தெமார்! எத்தன பெட்டின்னு ஊரே கேக்குது! எனக்கு ஒரு செதிலுகூட வந்து சேரலயேடா! எவ வீட்டுல கொண்டு போய் எறக்குன?"

கிழக்குப் பக்கம் வெடித்தது. மேற்குப் பக்கத்தில் சிமென்ட்காரர்களும் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். முன்வரிசை விருந்தினர்கூடப் போனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஃப்ரீ த்ரோ போட நின்றவன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான். வால்தெமார் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். சாம்பல் நிறச் சட்டைக்குள் அவன் தோள் குலுங்கியது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். சிரித்தானோ அழுதானோ, எனக்குத் தெரியவில்லை.

தெயோ அண்ணன் கைமைக்கை என்னிடம் நீட்டினார். "கேளு தங்கச்சி. நீதான் கேக்கணும்."

கேட்டேன். "நடுவரே! உங்கம்மாவுக்கு எத்தன பெட்டி மீனு?"

அவர் கோலைத் தலைக்கு மேல் உயர்த்தினார். உயர்த்தியபடியே வைத்திருந்தார். இறக்கவே இல்லை. கிழக்குப் பக்கம் முழுக்கக் கை தூக்கியது. ஒரு விரல்கூட நீளவில்லை. எல்லாம் மூடிய கை.

நான் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை. அம்மா கடலையை உரித்து எனக்கு ஊட்டினாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சமைக்க ஆரம்பிக்குமுன்பே கதவு தட்டப்பட்டது. வால்தெமார். தோளில் ஒரு மீன் பெட்டி, ஐஸ் தண்ணீர் சட்டையெல்லாம் ஒழுகிக்கொண்டு. தீவுக் கடற்கரையிலிருந்து வேனில் ஏற்றி வந்திருக்கிறான். வேன்காரன் இரண்டு ஆளுக்கான காசு கேட்டானாம். கொள்ளைக்காரன்.

பெட்டியை அடுப்படி மேசையில் இறக்கினான். "அம்மா, பாக்கி."

அம்மா ஒரு கரப்பாவ் மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள்.

"இத இன்னைக்குப் பிடிச்சதுன்னா சொன்னான்?"

"ஆமா."

"முந்தாநேத்து மீனு. கண்ணு குழி விழுந்து கெடக்கு பாரு. உனக்குக் கண்ணே தெரியாதாடா?"

"அதத்தானம்மா நான் ரெண்டு வாரமாக் கத்திக்கிட்டிருக்கேன்!" என்றேன். முதலில் சிரித்தது அவன்தான்.

மீன் அவ்வளவு மோசமில்லை, உப்பும் எலுமிச்சையும் தூக்கலாகப் போட்டுச் சுட்டோம். மீதியில் தெயோ அண்ணன் வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்பச் சொன்னாள் அம்மா. செதில் சுரண்டிய வேலை முழுக்க என் தலையில். சாப்பிடும்போது உப்பையும் எலுமிச்சையையும் வைத்து, நெட்டைக்காரன் எங்கே நின்றான், குஸ்தோதியோ எங்கே மோதினான் என்று அவன் எனக்குக் காட்டினான். நான் எலுமிச்சையை நகர்த்தி வைத்தேன். அது ஃபவுல் இல்லை.

கை கழுவுமுன் விசிலைக் கழுத்திலிருந்து எடுத்து ரேடியோவுக்கு மேலிருந்த ஆணியில் மாட்டியிருந்தான். அங்கேயே விட்டுவிட்டுப் போவானோ என்று சாப்பாடு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாபகப்படுத்தவும் வாய் வரவில்லை. அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது எட்டி எடுத்து மாட்டிக்கொண்டான். "புதன்கிழம பொண்ணுங்க ஆட்டம் ஒண்ணு இருக்கு" என்றான்.